நாத்தனாரின் இரட்டை மோட்டார்கள்

நாத்தனார் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சோதனைக் கூடத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். தலைமை அதிகாரிகூட ஒரு தடவை வாய் தவறி அண்ணி என்று சொல்லிவிட்டு, இருமிச் சமாளித்தார்.

செயற்கைக்கோளில் வேண்டாத காந்தம் ஒட்டியிராமல் பார்ப்பது அண்ணியின் வேலை. விண்வெளியின் மெல்லிய காந்தப்புலத்தை அளக்கப் போகிற செயற்கைக்கோள் அது. தன் காந்தத்தையே அளந்து அனுப்பினால் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் கூடமே மரக் கட்டடம், ஆணியெல்லாம் செம்பு. பெல்ட், சாவி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். இரண்டு மாடி உயரச் செயற்கைக்கோளைச் சுழற்றுவது நடக்கிற காரியமா? காந்தம் அளக்கும் மீட்டரை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அண்ணிதான் அதைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

இன்று வந்த அளவைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காந்தம் வரம்புக்கு மேலே நின்றது. அதுவும் செயற்கைக்கோளைத் திசை திருப்பும் இரட்டை மோட்டார்களிலிருந்து! அவை நாத்தனார் வருடக்கணக்காக உயிரைக் கொடுத்துச் செய்தவை. மாலைக்குள் சரியாகாவிட்டால் அவற்றைக் கழற்றிவிட்டு வேறு குழுவின் மோட்டார்களை மாட்டிவிடுவார்கள். பிறகு வீட்டில் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது?

“உங்க மீட்டரைப் பாருங்க அண்ணி. என் மோட்டார் சொக்கத் தங்கம்!” என்று நாத்தனார் குதித்தாள்.

“மறுபடி மறுபடி பாத்துட்டேன்மா.”

“உங்களைப் பாத்து அண்ணன்கிட்ட முதல்ல சரின்னு சொன்னதே நான்தான். நல்லா பழிவாங்குறீங்க!”

அண்ணி மோட்டார்களை உற்றுப் பார்த்தாள்.

“ரெண்டையும் ஏன் ஒரே பக்கம் பாத்து வெச்ச? எப்படி வேணா வெக்கலாமே?”

நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். “பேர்த்தகடு போட்டோவுல தெரியட்டும்னுதான்...”

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டின் காந்தமும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டு ஆட்டம் போட்டிருக்கிறது. ஒன்றை எதிர்ப்பக்கம் திருப்பினால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். ஆனால் அதிலுள்ள பெயர் செயற்கைக்கோளின் உட்சுவரைப் பார்த்துப் போய்விடும். ஒரு தகட்டில் நாத்தனாரின் பெயர், இன்னொன்றில் அவள் குழுவினரின் பெயர்கள். இதற்கும் ஒரு சண்டை காத்திருக்கிறது என்று அண்ணி நினைத்தாள்.

“என் பேரு இருக்கறதைத் திருப்புங்க. பாவம், என் குழுப் பசங்க போட்டோவுல பேர் வரும்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்குங்க” என்றாள் நாத்தனார்.

அவளைப் போய் அற்பமாக நினைத்துவிட்டோமே என்று அண்ணிக்கு வெட்கமாக இருந்தது. பித்தளை ஸ்பேனரை எடுத்து இருவரும் சேர்ந்தே திருப்பினார்கள். வண்டி மறுபடி சுற்றி வந்தது. அளவு மளமளவென்று இறங்கி, வரம்புக்கு வெகு கீழே போய் நின்றது.

அதிகாரி காரணம் கேட்டார். அண்ணி பதில் தேடுவதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். “போட்டோ ஆசை சார். தப்பு என்னுதுதான்.”

வெளியே வந்ததும் அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “வீட்டுல என்ன சொல்லப் போற?”

“நீங்க என்னை ஃபெயிலாக்கப் பாத்ததைத்தான் முதல்ல சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எங்க பேச விடுவாங்க? ‘அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு அம்மா என் வாயை அடைச்சிடுவாங்க. எப்பவும் உங்க கட்சிதானே!”

இத்தனை வருடமாக அண்ணிக்கு இது தெரியாது.