சேர்ந்து ஓடு

என் கணவருக்கு என் தங்கை வைத்த பெயர் சாவகாசம். அவரோடு சினிமாவுக்குக் கிளம்பினால் இடைவேளைக்குத்தான் போய்ச் சேருவோம். எதிலும் அவசரம் கிடையாது, கோபத்தில்கூட. திட்டினால், திட்டி முடித்தபிறகு நிதானமாக "என்ன சொன்னே?" என்று கேட்பார். இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் தொலைபேசியில் "நாம சேர்ந்து ஓடலாமா?" என்று கேட்டபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் உருகிப்போனேன்.

அப்போது அவரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். காய்கறி, பழம் எல்லாம் அடைத்து வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கு மேலாளர். நான் என் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகவில்லை. அவரும் வா என்று வற்புறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் பேசுவோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இல்லை. அதற்கப்புறம் இருவரும் மூச்சு விடும் சத்தம்தான் கேட்கும். பிள்ளைகுட்டி இருந்தால் அதைப் பற்றியாவது பேசலாம், எங்களுக்கு அதுவும் இல்லை. சண்டை இருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போடவும் விஷயம் வேண்டுமே. இப்படியே போனால் ஒருநாள் போன் செய்ய மறந்துவிடுவோம், மறந்தது இருவருக்குமே தெரியாது என்று தங்கையிடம் புலம்பியிருக்கிறேன்.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஓடுங்கள் என்று அவரிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். கிடங்கில் யாரோ ஒரு செயலியைக் காட்டியிருக்கிறார்கள். கைபேசியைப் புஜத்தில் கட்டிக்கொண்டு ஓடினால், கால் எந்த வேகத்தில் தரையில் படுகிறதோ அந்த வேகத்துக்குப் பாட்டு வரும். ஓட்டம் தளர்ந்தால் பாட்டும் தளரும். அதில் 'சேர்ந்து ஓடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. வேறு வேறு ஊரில் இருக்கும் இருவர் ஒரே நேரத்தில் அதை அழுத்தினால் இருவர் காதிலும் ஒரே பாட்டு. வேகம் இரண்டு பேரின் காலுக்கும் நடுவில் நிற்கும். பேச்சு கிடையாது, முகம் கிடையாது. அந்தப் பக்கம் ஒருவர் மெதுவானால் இந்தப் பக்கம் நம் காதுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

என் தொழிலைச் சொன்னால்தான் நான் ஏமாந்த விதம் புரியும். நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகச் சேரும்படி செய்து தர வேண்டும். போட்டுக்கொள்ளப் போகிறவரை நான் பார்க்கவே மாட்டேன். அச்சு மட்டும்தான் வரும். ஆனால் அதைக் கையில் வாங்கியதுமே இவர் ஒரு பக்கமாக மெல்லுகிறவர், இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர், இந்த அம்மாள் சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொள்வாள் என்று சொல்லிவிடுவேன். லேபில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். முகம் தெரியாத ஆளை, அவர் விட்டுப்போன தடத்தை வைத்துப் படிப்பது எனக்குக் கைவந்த கலை. அந்தத் திமிரில்தான் அவர் காலையும் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் சில நாட்கள் பாட்டு தடுமாறியது. வேகம் எடுக்கும், விழும், நிற்கும். மனுஷன் மூச்சு வாங்குகிறார் என்று சிரித்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் திடீரென்று சீரானது. பழகிவிட்டார் என்று பெருமைப்பட்டேன். இந்தச் சாவகாசத்துக்குள் இப்படி ஒரு ஓட்டக்காரர் ஒளிந்திருந்தாரா என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். அவள் நம்பவில்லை. "அக்கா, மாமாவா? அவரு ஓடுறதை நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்" என்றாள். பொறாமை என்று நினைத்தேன்.

தினமும் பாதி ஓட்டத்தில் ஒரு இடத்தில் பாட்டு மெல்ல இறங்கி, கொஞ்ச நேரம் நடையாகி, மறுபடி ஏறும். அவர் தெருவுக்கு அடுத்து ஒரு பள்ளிக்கூடம் உண்டு என்று எப்போதோ சொல்லியிருந்தார். சரிதான், அங்கே குழந்தைகளைப் பார்த்து மெதுவாகிறார் என்று முடிவு கட்டினேன். வாய்விட்டுச் சொல்லாத ஏக்கம் காலில் தெரிகிறது பார் என்று அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அந்த இடத்தில் நானும் மெதுவாவேன்.

அதைவிட என்னைச் சாய்த்தது சாயங்காலப் பேச்சு. அது அடியோடு மாறிவிட்டது. "இன்னிக்கு ஒரு மாதிரி ஓடினியே, உடம்பு சரியில்லையா?" என்பார். "இன்னிக்கு நல்ல குஷி போலிருக்கே?" என்பார். சொன்னதெல்லாம் சரியாக இருக்கும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், என் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது நான் அழுதிருக்கிறேனா என்றுகூடக் கேட்காதவர், கண்காணாத தூரத்திலிருந்து என் மனசைப் படிக்கிறார். யாருக்குத்தான் கிறங்காது?

என் அம்மாவைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை என்னால் ஓட முடியவில்லை. வீட்டில் உட்காரவும் முடியாமல் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா நடந்தேன். பாட்டு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவரும் ஓட்டத்தை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. நான் நின்றால் அவரும் நின்றார், நடந்தால் நடந்தார். முழு நேரமும் அப்படியே கூட வந்தார். அன்று சாயங்காலம், "இன்னிக்கு நடந்தே. அம்மாவை நினைச்சிட்டு இருந்தியா?" என்று கேட்டார். நான் விசும்பி அழுதேன். கூட வந்ததுக்கு ரொம்ப நன்றி என்றேன். "அதுக்கென்ன, விடு" என்றார்.

அம்மா பிழைத்து வந்ததும் நான் வேலையை விட முடிவெடுத்தேன். அப்போதுதான் லேப் முதலாளியம்மா என்னை மொத்தத்துக்கும் பொறுப்பாக உட்கார வைத்திருந்தார். மெழுகு மேஜையின் கடைசி மூலையில் தொடங்கி அந்த நாற்காலிக்கு வர எனக்குப் பாதி வயசு போயிருக்கிறது. நன்றாக யோசித்தாயா என்று அவர் கேட்டார். புருஷனோடு போய்ச் சேருகிறேன் என்று சொல்லும்போது புதுப்பெண் மாதிரி எனக்கு முகம் சிவந்தது. என்னிடம் தொழில் கற்றவளே என் நாற்காலிக்கு வந்தாள். கணவரிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார், மற்றதைக் கால் பேசும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பொறுப்பை ஒப்படைக்கும் வேலை சீக்கிரமே முடிந்தது. சொன்ன தேதிக்கு முன்பே, சொல்லாமல் கொள்ளாமல் பேருந்து ஏறினேன். விடிந்து நான் இறங்கிய நேரம் எங்கள் ஓட்ட நேரம். கைபேசி வழக்கம்போல் கூப்பிட்டது. எனக்குக் குறும்பு வந்துவிட்டது. அழுத்தினேன். இதோ இந்த ஊரிலேயே, ஏதோ ஒரு தெருவில் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார், அவர் வீடு திரும்பும்போது நான் வாசலில் நிற்பேன். சக்கரப் பெட்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு ஓடினேன். பால் வாங்க வந்தவர்களும் கடை திறக்கிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். யார் பெட்டியையோ திருடிக்கொண்டு ஓடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பாட்டு என்னோடு சேர்ந்து வேகமெடுத்தது. அந்தப் பக்கமும் சளைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கீழ்வீடுதான் அவருடையது. கதவு திறந்திருந்தது. அவர் சாய்வு நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதி குடித்த டீ.

நான் நின்றுவிட்டதால் பாட்டு தளர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. என் காதில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். கண்ணெதிரே பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? பாவம், போனை யாரோ திருடிவிட்டார்கள் என்று. அவ்வளவு நம்பிக்கை. அவர் தலையை நிமிர்த்தினார், என்னைப் பார்த்தார், பேப்பரை மடித்து வைத்தார். நீ வர்றது இன்னிக்கு இல்லையே என்றார். உங்கள் போன் எங்கே என்று கேட்டேன். உள்ளே சார்ஜில் கிடக்கிறது என்றார். என் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி அவர் காதருகே பிடித்தேன். அந்தப் பக்கத்து ஓட்டம் அதில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டார். வழக்கம்போல் நிதானமாகக் கேட்டார்.

"மாடிக்காரரு தினமும் ஓடுறவரு" என்றார். "எப்படியும் ஓடுறாரு, கையில கட்டிக்கிட்டா போதும்னு குடுத்தேன். எனக்கு முட்டி வலி. முதல் வாரம் நான்தான் ஓடினேன், நம்பு."

பெட்டியின் கைப்பிடியை விடக்கூடத் தோன்றாமல் நின்றேன். அப்படியானால் சாயங்காலம் என்னிடம் கேட்டதெல்லாம் எப்படி என்று கேட்க வாயெடுத்தபோது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மாடிக்காரர் வந்தார். வங்கியில் காசாளர் என்று பிற்பாடு தெரிந்தது. வழுக்கைத்தலை, தோளில் துண்டு, வியர்வையில் ஒட்டிய சட்டை. ஏதோ விருந்தாளி என்று நினைத்து என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, புஜத்திலிருந்து கைபேசியை அவிழ்த்தபடியே தன் வழக்கமான அறிக்கையை ஒப்பித்தார்.

"சார், மேடம் இன்னிக்குப் பறந்துட்டாங்க. என்னாலயே ஈடு குடுக்க முடியல. அன்னிக்கு நடந்தே வந்தாங்களே, அந்த மாதிரியெல்லாம் இல்ல. ஏதோ நல்ல சேதி போலிருக்கு, சாயங்காலம் கேட்டுப் பாருங்க."

என் கணவர் கண்ணால் ஜாடை காட்டினார். அந்த நல்ல மனிதருக்குப் புரியவில்லை.

"ஆமா, இன்னிக்குச் சந்தோஷமாத்தான் இருந்தேன்" என்றேன்.

மாடிக்காரர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய இயர்போனைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அம்மாவுக்கு இப்போது தேவலையா என்று தணிந்த குரலில் கேட்டார். தேவலை என்றேன். அவரிடம் எனக்குக் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. பாதி வழியில் தினமும் மெதுவாவீர்களே, எதனால் என்று கேட்டேன். அந்த வளைவில் ஒரு நாய் படுத்திருக்கும், ஓடினால் துரத்தும் என்றார். உள்ளே சார்ஜில் கிடப்பதாக என் கணவர் சொன்ன அந்தக் கைபேசியை மேஜையில் வைத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி பின்வாங்கியே வெளியே போனார்.

அந்த நாய்க்காகத்தான் நான் அத்தனை நாள் கண் கலங்கியிருக்கிறேன். மாடிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை. ஓடுகிற மனிதர் ஓடினார். யாரோ ஒருத்தி துக்கத்தில் நடக்கிறாள் என்று தெரிந்து கூட நடந்திருக்கிறார். என் வயிறு எரிந்தது அதற்கல்ல. என் கணவர் அந்த நடையை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாயங்காலம் தன் பேச்சாக என்னிடம் பேசி, நான் அழுது நன்றி சொன்னபோது அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாரே, அதற்கு.

அவர் உள்ளே போய் எனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தார். கோபம் தணிந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்.

"நல்லதுக்குத்தானே பண்ணேன். நீ எவ்வளவு சந்தோஷமா இருந்தே. சரி, இனிமே ஒரே வீட்டுலதான் இருக்கப் போறோம். இனி எதுக்கு ஓடணும்?" என்றார்.

நான் டீயைத் தொடவில்லை. அவர் எதிரிலேயே முதலாளியம்மாவைக் கூப்பிட்டேன். அந்தம்மா விவரம் கேட்கவில்லை. என் நாற்காலி போனது போனதுதான், மூலை மேஜை காலியாக இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும், சம்மதமா என்றார். சம்மதம் என்றேன். நான் மெழுகு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் இனி என் வேலையைத் திருப்பிப் பார்த்துத் தப்புச் சொல்வாள். சொல்லட்டும்.

பெட்டியைத் திருப்பினேன். இப்ப எதுக்கு அவசரம், சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார். வாசல் வரை கூடவே வந்தார். நான் தெருவில் இறங்கினேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பின்னால் ஓடி வருவார் என்று எதிர்பார்த்தேன். தெருமுனை திரும்பும்வரை எதிர்பார்த்தேன். அதற்காகவே மெதுவாக நடந்தேன். அவர் ஓட வேண்டிய தேவைகூட இல்லை. சும்மா நடந்து வந்திருந்தாலே என்னைப் பிடித்திருக்கலாம்.