பிரபாகரின் காலி டப்பா

1

இந்தக் கதை தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில் திருடியது. முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள். காதைக் கொடுத்தேன், பெயர்களை மாற்றினேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதல் வரி: 'பானுமதியின் கருமுட்டைக்குள் ஒரு கொலைகாரன் ஒளிந்திருந்…'

(அடித்துவிட்டேன். தொடர்கதை எழுதிக் கெட்ட கை.)

2

கொலையெல்லாம் இல்லை. பானுமதிக்கு முப்பத்தெட்டு வயது, பிள்ளை இல்லை. தை பிறந்தால் மகனுக்கு வேறு கல்யாணம் என்று மாமியார் சின்னம்மாள் பொம்மிடியில் பெண் பார்த்து வைத்திருக்கிறாள்.

மகன் பிரபாகர் தக்காளி வியாபாரி. பெட்டியைக் கொட்டி அடிவரிசையைப் பார்க்காமல் ஒரு பழம் வாங்க மாட்டான். அவனை மட்டும் யாரும் சோதிக்கக் கூடாது. விந்துப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பா மூன்று மாதமாகப் பானுமதியின் கைப்பையில் காலியாகக் கிடக்கிறது. ஆம்பளைக்கு எதற்கு டெஸ்ட்டு என்கிறான் அந்த மகாவீரன்.

3

அன்று காலை தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் இருவருக்கும் விளக்கியிருக்கிறார். கருமுட்டைகள் ஒரு பெண் பிறக்கும் முன்பே உருவாகிவிடும். அவளோடு சேர்ந்து மூப்படையும். அவற்றுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி மின்நிலையங்கள் லட்சக்கணக்கில் உண்டு. வயதானால் அவை மங்கும், கரு வளரத் திணறும். பிள்ளைக்கு அவை தாய் வழியாகத்தான் வரும். விந்தணு நீந்தவும் அதே மின்சாரம் வேண்டும், அதுவும் மங்கலாம்.

(கடைசி வாக்கியம் சின்னம்மாள் காதில் ஏறவில்லை. வேண்டியதை மட்டும் கேட்கும் காது. வாசகர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. உங்களைச் சொல்லவில்லை.)

பஸ்ஸில் அவள்தான் ஆரம்பித்தாள். "டாக்டரே சொல்லிட்டாங்க, எல்லாம் ஆத்தா வழின்னு. உங்காத்தா குடுத்தனுப்புன கோளாறு."

பானுமதி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "சரிங்கத்தை. உங்க பையனுக்குள்ள ஓடுற கரண்டு யாரு குடுத்ததுங்க?"

பாலக்கோடு வரை சின்னம்மாள் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

4

முடிவு ஒன்று: பிரபாகர் மனம் திருந்தி… (சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: பொம்மிடிக்காரி வருகிறாள். அவளுக்கும் பிள்ளையில்லை. மூன்றாவது பெண் தேடி… (நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மார்க்கெட்டில் இறங்கினார்கள், வெட்கமில்லாமல் நானும் இறங்கினேன். பிரபாகர் யாரோ ஒரு விவசாயியின் பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்த அழுகல் பழத்தை ஊருக்கே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

கவிழ்ந்த பெட்டியின் மேல் பானுமதி டப்பாவை வைத்தாள்.

"கொட்டிப் பாக்காம எதையும் எடுக்க மாட்டீங்களே. இந்தாங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தக்காளியைப் பார்த்தாள். அவள் தலையசைத்தால் செய்வான். அவளுக்கும் அது தெரியும்.

சின்னம்மாள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிரபாகர் இருப்பான், என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும்.