மகன் வரும்வரை

ஆஸ்பத்திரியில் கணவர் வாய்க்குள் செருகியிருந்த அந்தக் குழாயை நினைத்தாலே தர்மாம்பாளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். மகள் மேகலாவோடு பூதலூரில் ரயிலேறி, தஞ்சாவூரில் நோட்டரி வக்கீல் பஞ்சநதத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் இப்போதும் அப்படித்தான். இனிப் பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால் மூச்சு மெஷினில் போடக்கூடாது, வலிக்கு மட்டும் மருந்து போதும் என்று பத்திரம் தயாராகிவிட்டது. அந்த நேரத்தில் அவளுக்காகப் பேச வேண்டியவள் மேகலா. பக்கத்து வீட்டு சஃபியா டீச்சரும் அவர் கணவரும் சாட்சிக்கு வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு மகன் வந்து முகம் பார்க்கும்வரை உயிரைப் பிடித்து வைத்தாக வேண்டும். முன்பெல்லாம் எமன் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான். இப்போது மெஷின் வந்துவிட்டது, அவனையும் வாசலில் நிறுத்தி வைக்கலாம். போன வருஷம் தர்மாம்பாளின் கணவர் சாரங்கபாணியை அப்படித்தான் துபாயிலிருந்து மகன் செந்தில்குமார் வரும்வரை வைத்திருந்தார்கள். குழாயைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினார்கள். அவர் கண் அவளையே கெஞ்சியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. மகன் வரும் நேரம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டையும் குழாயையும் எடுத்து, முகம் துடைத்து, விபூதி பூசிக் கிடத்தினார்கள். அவன் பால் ஊற்றினான், மூச்சு அடங்கியது. கட்டி வைத்ததை மட்டும், பையன் தாங்கமாட்டான் என்று எல்லோருமாக மறைத்துவிட்டார்கள்.

தர்மாம்பாள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும்போது செந்தில்குமாரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா சொன்னா. நான் வர்ற வரைக்கும்கூட இருக்க மாட்டியாம்மா? அப்பா எனக்காக எவ்வளவு நிம்மதியா காத்துக்கிட்டு இருந்தாரு!”

தர்மாம்பாள் பத்திரத்தைப் பார்த்தாள். மகன் வரும்வரை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால்தான் என்ன? நினைத்த மாத்திரத்தில் கட்டிலோடு கட்டிய அந்தக் கைகள் கண்முன் வந்தன.

“காத்துக்கிட்டு இல்லடா தம்பி. கட்டி வச்சிருந்தோம்.”

குழறிக் குழறி எல்லாவற்றையும் சொன்னாள். மேகலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என் பேரையும் போடும்மா. அக்கா ஒண்டியா என்ன பண்ணுவா? நானும் சொல்றேன், மெஷினை எடுத்துடுங்கன்னு,” என்றான் மகன்.

“உன்னால முடியுமாடா?”

“முடியும்மா,” என்றவன் அதற்குமேல் பேச முடியாமல் விம்மினான்.

“ரெண்டு பேரும் இருக்கலாம்மா, சேர்த்துடவா?” என்று கேட்டார் வக்கீல்.

தர்மாம்பாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “வேண்டாங்க. பொண்ணு பேரு மட்டும் இருக்கட்டும்,” என்றாள். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிகள் போட்டார்கள். முத்திரை விழுந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தாள்.

மேகலாவின் முகம் வெளிறிக் கிடந்தது.

“எனக்கு மட்டும் முடியும்னு எப்படிம்மா முடிவு பண்ணின?”

தர்மாம்பாளுக்குத் திரும்பவும் பயமாக இருந்தது, இந்தத் தடவை மகளுக்காக.