ஐந்தேகாலுக்கு முடிந்த அமாவாசை

ஆரூரன் தகப்பனின் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் பூட்டப் பார்த்தான். நாலு நாள் குளிரறையில் கிடந்த கை வளைந்து கொடுக்கவில்லை. முப்பது வருடம் பேக்கரிப் போறணை அடுப்பில் பாண் தட்டு இழுத்த கை. முழங்கைவரை சூட்டுத் தழும்பு.

"விடு தம்பி, தெரியட்டும்" என்றாள் அம்மா ஜெகதீஸ்வரி. "களவெடுத்த கையோ, மறைக்கிறதுக்கு?"

சவச்சாலை மண்டபத்தின் மூலையில் ஐயர் கைப்பேசியில் பஞ்சாங்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இஞ்சத்தை நேரத்துக்கு மாத்திப் பாத்திட்டன். வியாழன் பின்னேரம் ஐஞ்சேகாலோட அமாவாசை முடியுது. ஆவி பிரிஞ்சது ஆறு மணியெண்டால் பிரதமைதான். திவசமும் வருசா வருசம் அதிலைதான் வரும்."

"ஒரு அமாவாசை விரதமும் விடாத மனுசன், ஐயா. கடைசியிலை முக்கால் மணித்தியாலத்தாலை தப்பவிட்டிட்டாரே" என்றாள் அம்மா.

"நேரம் சரிதானே, தம்பி?" என்று கேட்டார் ஐயர்.

"ஓம்" என்றான் ஆரூரன்.

"இவன்தான் பக்கத்திலை இருந்து தண்ணி பருக்கினவன்" என்றாள் அம்மா. நாலு நாளாக வந்தவர் போனவர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆரூரன் தண்ணீர் பருக்கவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்க்க அன்று ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அதை நம்பி அம்மா புவாண்ட்-கிளேர் புறநகரில் கிடங்கு வேலைக்குப் போனாள். அவனுக்கும் அப்பாவின் பேக்கரியில்தான் வேலை; வியாழக்கிழமைகளில் யூதர்களின் ஓய்வுநாளுக்குப் பின்னல் பாண் போடவேண்டும். ஆள் குறைவு, ஓவர்டைம். நாலரைக்குக் கதவைத் திறந்தபோது அப்பாவின் கால்கள் குளிர்ந்திருந்தன. ஆறு மணிவரை கட்டிலடியில் இருந்துவிட்டுத்தான் போன் எடுத்தான். வந்த நர்ஸ் அவன் சொன்ன ஆறு மணியையே எழுதினாள். அம்மாவிடம் தண்ணீர்க் கதையைச் சொன்னான். சொன்ன பிறகு அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது.

வாசலில் மொய்ஷ் நின்றான். போறணையில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்த யூதன். வெள்ளைத் தாடி, கறுப்புக் கோட்டு. உள்ளே சாமிப் படமும் விளக்கும் இருந்ததால் நடையோடு நின்றுவிட்டான். ஆரூரன் வெளியே போனான்.

பேக்கரிச் சுவரில் தொங்கும் யூத நாட்காட்டியில் புதுப்பிறையோடு மாதம் பிறக்கும். மொய்ஷின் மாதம் பிறப்பதற்கு முதல்நாளை அமாவாசை என்று வைத்து அப்பா காலையிலேயே பட்டினி கிடப்பார். "முதலாளி சும்மா தந்த பஞ்சாங்கமடா" என்பார். சில மாதம் ஒரு நாள் பிசகும். அப்போது மொய்ஷ் அப்பாவைப் பகிடி பண்ணுவான்: "நாதன், உன் சந்திரனுக்கு இன்றைக்கு லீவு."

இன்று அவன் பகிடி பண்ணவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த நாட்காட்டித் தாளை எடுத்தான்.

"நாதனை இதில் எழுதவேண்டும்" என்றான், போறணை முன் பேசிப் பழகிய உடைந்த பிரெஞ்சில். "ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நினைப்பேன். எங்களுக்கு நாள் மாறுவது இருட்டோடு. இருட்ட முந்திப் போனானென்றால் பழைய மாதத்தின் கடைசி நாள். பிந்தியென்றால் புது மாதத்தின் முதல் நாள். வெளிச்சம் இருந்ததா?"

ஆரூரன் தாளைப் பார்த்தான். பென்சில் இரண்டு கட்டத்துக்கும் நடுவே நின்றது.

"இருந்தது" என்றான். "நான் வரும்போது வெளிச்சம் இருந்தது. அவர் அதற்கு முன்னமே போய்விட்டார்."

மொய்ஷ் ஒரு கட்டத்தில் சின்னதாக எழுதினான். ஆரூரனின் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் படி இறங்கினான்.

திரும்பினால் அம்மா நின்றாள். ஐயர் கூப்பிடுகிறார் என்று சொல்ல வந்தவள். இருபது வருடம் கிடங்கில் பெட்டி ஒட்டியவளுக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும்.

அவள் நேரே உள்ளே போனாள். அவனும் பின்னால் போனான்.

"ஐயா, அமாவாசை எண்டு எழுதுங்கோ" என்றாள் அம்மா.

"அப்ப ஆறு மணி எண்டது?"

"அது பேப்பரிலை கிடக்கிற நேரம். போகேக்கை வெளிச்சமா இருந்ததாம். இஞ்சை ஐஞ்சு மணிக்கே இருட்டிடுமே."

ஐயர் அவளையும் அவனையும் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

அம்மா பெட்டியருகே கதிரையில் இருந்தாள். கொஞ்ச நேரம் புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தினை மணிக்கு வந்தனி?"

"நாலரை."

"ஆறு மணிமட்டும் தனியவோ இருந்தனி?"

"ஓம்."

"லைட்டாவது போட்டனியோ?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

ஐயர் கொள்ளிக்குடத்துக்கு ஆளைக் கூப்பிட்டார். ஆரூரன் எழுந்தபோது வேட்டி இடுப்பில் நழுவியது. பழக்கமில்லாத கட்டு. அம்மா கதிரையில் இருந்தபடியே அவனைத் தன் பக்கம் திருப்பி, தலைப்பை அவிழ்த்து, இறுக்கிச் சுற்றிச் செருகிவிட்டாள். செருகிய பிறகும் கையை எடுக்கவில்லை.