டென்வரிலிருந்து ஒரு மணி ஐம்பது நிமிடம்

ஹார்லனிடம் டென்வர் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஃபீனிக்ஸுக்கும் அந்த ஊருக்கும் முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவர். எண்ணூற்றுச் சொச்சம் மைல், பதின்மூன்று மணி நேரம், எந்த மேட்டில் வண்டி திணறும் என்பது வரை தலைகீழ்ப் பாடம். மகள் டெலியாவின் பிறந்தநாட்களில் பாதி அவருக்கு அந்த ரோட்டில்தான் கழிந்தது. அவள் கல்யாணத்துக்கும் எல்லாம் முடிந்து சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தார். அதோடு நாலு வருடம் பேச்சு நின்றது.

பிப்ரவரியில் டென்வரிலிருந்து அவளே கூப்பிட்டாள். ஹவாயில் வேலை கிடைத்திருக்கிறது, ஃபீனிக்ஸில் விமானம் மாற வேண்டும், வெளியே வந்து பார்க்கிறேன் என்றாள்.

"மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமைப்பா. இங்க காலைல எட்டு மணிக்குக் கிளம்புது. அங்க வந்து சேர்றது..."

"வானத்துல எவ்ளோ நேரம்? அத மட்டும் சொல்லு."

"ஒரு மணி அம்பது நிமிஷம்."

"ஒம்பது அம்பது. எனக்கே டைம் சொல்லிக் குடுக்கறியா குட்டி?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு மாதம் ஓட்டினார். தனியாக இருக்கும் வீட்டில் வேறு என்னதான் இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பிடித்தபடி முட்டையும் பச்சை மிளகாயும் ரொட்டியில் வைத்து இரண்டு பரிட்டோ சுருட்டிக்கொண்டு, ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக இருபது நிமிடம் முன்னால் வந்திருக்கிறோம் என்று பெருமை வேறு. சார்ஜ் போட்ட போன் வண்டியிலேயே கிடந்தது.

பத்தாகப் போகிறது, அவளைக் காணோம். பலகையைப் பார்த்தார். டென்வர் விமானம் எட்டு ஐம்பதுக்கே வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. வருடாவருடம் போல, கோடைக்காக முந்தின இரவு நாடெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. ஃபீனிக்ஸ் இருக்கும் அரிசோனாவில் மட்டும் அந்த வழக்கம் கிடையாது. டென்வரில் எட்டு என்றால் இங்கே ஏழு. லாரி ஓட்டிய காலத்தில் ஒரு மார்ச்சில்கூட இதைத் தவறவிட்டதில்லை. ஓய்வு பெற்று எட்டு வருடமாகக் கடிகாரத்தைத் தொடவே அவசியம் வரவில்லை.

வண்டிக்கு ஓடினார். போனில் ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. திருப்பிக் கூப்பிட்டார்.

"உள்ள வந்து உக்காந்துட்டேன்ப்பா," என்றாள் டெலியா. "ஒம்பதே காலையும் தாண்டி வாசல்ல நின்னேன். அதுக்கு மேல நின்னா ஹவாய் விமானம் போயிடும்."

"கடிகாரம் மாத்தினத மறந்துட்டேன் குட்டி. நான் வந்தேன். சீக்கிரமாவே வந்தேன்."

"தெரியும்ப்பா." அவள் குரல் கம்மியது. "எப்பவும் ஏதாவது ஒண்ணு இருக்கும்."

அவருக்குக் கேட்க வேறெதுவும் கிடைக்கவில்லை. "அங்க போக எவ்ளோ நேரம்?"

"ஆறரை மணி நேரம்."

"நமக்கும் அவங்களுக்கும் கடிகாரம் எவ்ளோ வித்தியாசம்?"

"மூணு மணி. ஹவாய்லயும் கடிகாரத்தத் தொட மாட்டாங்க. வருஷம் பூரா அதே மூணுதான். இனிமே உங்களுக்கு இந்தச் சாக்கும் கிடையாதுப்பா. போன வைக்கச் சொல்றாங்க."

பரிட்டோ இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டையும் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, வண்டியை எடுக்காமல் ஹார்லன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.