எல்லாம் பச்சை

தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களை அகரவரிசையில் அடுக்கித் தரும் நிரல் நூலகம் ஒன்றை ரமணன் எழுதியிருந்தான். அதில் யார் எதைத் திருத்தினாலும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தானாகவே சோதித்து, தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு என்று காட்டும் ஏற்பாட்டையும் சிங்கப்பூர் ஈசூனில் உள்ள தன் வீட்டிலிருந்தே செய்து முடித்திருந்தான். ஞாயிறன்று சிராங்கூன் சாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா. விழா என்றால் சால்வை உண்டு. சால்வை என்றால் சங்கத் தலைவர் துரைசாமி உண்டு. கணினியைத் திறக்கவே மகளைக் கூப்பிடுகிறவர், அன்றைக்குத் தமிழ்க் கணிமையின் காவலர்.

மேடைத் திரையைப் பார்த்துப் பதறினார்.

“என்ன ரமணன், விண்டோஸ் சிவப்பா இருக்கு?”

“பைலை சேவ் பண்றப்ப தமிழெல்லாம் கேள்விக்குறியாயிடுதுண்ணே. சரிபண்ண ரெண்டு நாளாகும்.”

“சீஃப் கெஸ்ட் வர்ற நேரத்துலயா? அந்த டெஸ்ட்டைத் தூக்கிடு லா. திங்கக்கிழமை திரும்பப் போட்டுக்க.”

ரமணன் தூக்கினான். மூன்றும் பச்சையாயின. ‘எல்லாக் கணினியிலும் இனித் தமிழ் வாழும்’ என்று துரைசாமி முழங்க, மண்டபம் கைதட்டியது.

அந்தச் சோதனையை எழுதியவன் அருண்ராஜ். துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர். விடுதியில் பழைய விண்டோஸ் மடிக்கணினியை வைத்துத் தானாகவே நிரல் எழுதப் பழகியவன். தேநீர் வேளையில் ஓடி வந்தான்.

“அண்ணே, பச்சையாயிடுச்சே! எப்படிண்ணே சரிபண்ணீங்க?”

பக்கத்தில் துரைசாமி. கழுத்தில் சால்வை.

“சின்ன மாத்தம்தான்பா.”

“இதுக்குத்தாண்ணே காத்திருந்தேன். எங்க டார்ம் பசங்க லிஸ்ட்டை இன்னிக்கே இதுல போட்டுடறேன்.”

வேண்டாம் என்று சொல்ல அப்போதும் நேரமிருந்தது. ரமணன் வடையைக் கடித்தான்.

மறுநாள் காலை அருண்ராஜிடமிருந்து அந்தப் பட்டியலின் படம் ஒன்று வந்தது. விபத்து ஏதும் நடந்தால் வீட்டுக்குச் சொல்ல, நூற்றறுபது பேரின் பெயரையும் ஊர்த் தொலைபேசி எண்ணையும் நாலு ஞாயிறு உட்கார்ந்து தட்டியிருந்தான். எண்களெல்லாம் பத்திரமாக இருந்தன. எது யார் வீட்டு எண் என்பதுதான் தெரியவில்லை. அடுக்கி அதே பைலில் சேவ் செய்ததில், பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள்.

ரமணன் உடனே அழைத்தான்.

“தப்பு என்னுதுப்பா. டெஸ்ட்டையே தூக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து நானே தட்டித் தர்றேன்.”



“கேட்டப்பவே சொல்லியிருக்கலாம் சார். பரவால்ல, பசங்க ஒரு நோட்டு வாங்கியாந்துட்டானுங்க. பேனாவுலயே எழுதிக்கிறோம்.”

நேற்றுவரை அவன் ரமணனைச் சார் என்று கூப்பிட்டதில்லை.