நெஞ்சைச் சுற்றி வந்த குரல்

“டீச்சர், பாட்டு தொண்டையில இருந்து வருதா, நெஞ்சுல இருந்து வருதா?” என்று மலாக்காவின் ஜாசின் ஊர்ப் பள்ளியொன்றில் சிறுமி ஒருத்தி கேட்டபொழுது, கிருஷ்ணகுமாரி சிரித்துத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். ஆண்டுகள் பல கடந்தன. அவளும் பணி ஓய்வு பெற்றாள்.

நற்றமிழ் தேரும் அன்பரே, மலாக்கா நாட்டின் உட்புறத்தே, எண்ணெய் தரும் செம்பனைகள் படை வகுத்தாற்போல் அணியணியாய் நிற்க, இரவெல்லாம் அவற்றின் ஓலைகளில் தங்கிய மழைத்துளிகள் இளங்கதிர் பட்டு முத்தென உதிர, அணைக்கட்டின் நீர்ப்பரப்பினின்று எழுந்த வெண்பனி டுரியான் துங்கால் என்னும் சிற்றூரின் கூரைகளை மெல்லாடைபோல் போர்த்துப் பின் மெல்ல விலகும் ஐப்பசி விடியலைக் கண்ணுற்றவர், இறைவன் இவ்வூரை மறந்தான் என்று ஒருநாளும் சொல்லார். அத்தகைய விடியலொன்றில், கந்தசட்டி நோன்பின் ஆறாம் நாளன்று, சிறிய முருகன் கோயில் ஒன்றில் அடியார்கள் கூடியிருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து முன்னோர் கொணர்ந்த வழக்கமொன்றை அவர்கள் விடாது பேணினர்: ஒருவர் புராணச் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார்; அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். படிப்பவள் கிருஷ்ணகுமாரி, பயன் சொல்பவர், நில அலுவலகத்தில் பணியாற்றி ஓய்ந்த கணேசலிங்கம். மணம் புரியாது தனித்து வாழ்ந்த அவளுக்கு அந்த இருக்கையே உறவும் செல்வமுமாய் இருந்தது.

சில திங்களாகவே கரகரத்து வந்த அவள் குரல், அன்று சூரன் மாமரமாய் மாறி நின்ற கட்டத்தில், பிளந்த மூங்கிலில் நுழைந்த காற்றேபோல் வெறும் மூச்சாகித் தேய்ந்து நின்றது. அவையோர் திடுக்கிட்டனர், ஆயினும் எவரும் ஐயுறவில்லை. ஆறு நாளும் பாலும் பழமுமே உண்டவள் இளைப்பது இயல்பன்றோ? கோயிற்படி ஏறுகையில் மூச்சு முட்டுவதையும், கால்கள் வீங்குவதையும், தலையணை பல அடுக்கிச் சாய்ந்தே உறங்குவதையும் அவள் நோன்பின் களைப்பென்றே எண்ணி, அத்துன்பத்தையும் முருகனுக்குப் படையலாக்கி மகிழ்ந்திருந்தாள்.

“முருகன் குடுத்த குரல், குமாரி. அவரே எடுத்துக்கிட்டா நாம என்ன செய்யிறது? அடுத்த வருசம் வேற யாராவது படிக்கட்டும். நீ கொஞ்ச நாள் வாய் திறக்காம இரு,” என்றார் கணேசலிங்கம். அவளும் வாய்வாளாமை பூண்டு, மிளகும் பனங்கற்கண்டும் மென்று காத்திருந்தாள். குரல் மீளவில்லை.

அடுத்த வீட்டில் வாழ்ந்த ரோஸ், கணவன் ஜேம்ஸைக் கல்லறைக்குக் கொடுத்துவிட்டுத் தனித்திருந்த கிறித்தவப் பெண்மணி. ஒருநாள், கொடிக்குத் துணி கொண்டு சென்ற கிருஷ்ணகுமாரி பாதி வழியில் கூடையை இறக்கி வைத்து வேலியைப் பற்றி நிற்பதை அவள் கண்டாள்.

“என்னக்கா இது?”

“விரதக் களைப்பு,” என்றது காற்றொலி.

“விரதம் முடிஞ்சு தீவாளிப் பலகாரமே ஊசிப் போச்சுலா. இன்னும் என்ன விரதக் களைப்பு? சேலையை மாத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

தொண்டையை நுண்குழலால் நோக்கிய மருத்துவர், இடப்புறக் குரல்நாண் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு, மருந்து தராது இதய மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் படம் வரைந்து விளக்கினார்: “தொண்டையில நோய் இல்லம்மா. குரலை அசைக்கிற நரம்பு கழுத்துல இருந்து நெஞ்சுக்குள்ள இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுத்திக்கிட்டுத்தான் மேல ஏறுது. சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல் உங்க இதயத்துக் கதவைச் சுருக்கிடுச்சு. அதனால ஒரு அறை வீங்கி, அந்த நரம்பை நசுக்குது. கதவை மாத்தணும். உயிருக்கு அது கண்டிப்பா வேணும். குரல் திரும்புமான்னு உறுதி சொல்ல முடியாது.”

ரோஸின் காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் கிருஷ்ணகுமாரி அழுதாள். குரல் மீளாதெனில் அறுவை எதற்கு, குரலற்று வாழ்வதினும் இப்படியே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றாள்.

“நீங்க பாடலன்னா முருகன் பொறுத்துக்குவாரு,” என்றாள் ரோஸ், சாலையினின்று கண்ணெடாமல். “ஆனா என் கோழி உங்க செடியைக் கிளறினா திட்டுறதுக்கு எனக்கு ஆள் வேணும்லா.”

அழுகையினூடே சிரிப்பு வந்தது. சிரிப்பினூடே துணிவு வந்தது.

மல்லிகைக்கு நீரூற்ற மட்டும் சொல்லி வீட்டுத் திறவுகோலை ரோஸிடம் தந்து சென்றவள், அறுவை முடிந்து உடல் தேறி மீண்டபொழுது, பூசையறை வாயிலில் வியந்து நின்றாள். முருகன் திருமுன் விளக்கு சுடர்ந்துகொண்டிருந்தது. பித்தளைச் செம்பில், தேவாலயப் பலிபீடத்தில் வைப்பதேபோல், செம்பருத்திகள் நெடுந்தண்டோடு நின்றன. செய்தவள் அதைப் பற்றிப் பேசவில்லை, கண்டவளும் கேட்கவில்லை. சில நன்றிகள் சொல்லப்பட்டால் சிறுத்துவிடும்.

நசுங்கிய நரம்பு மெல்ல விழித்தது. நாள்தோறும் பயின்றாள், முதலில் முனகல், பின் உடைந்த ஓசை, பின் ஒருநாள், வேலிக்கப்பால் கோழியை விரட்டிய கூச்சலில் முழுக்குரலும் பிறந்தது. மறு கந்தசட்டிக்குக் கணேசலிங்கமே வந்து அழைத்தார். மருத்துவர் சொற்படி கஞ்சி அருந்திவிட்டு அவள் இருக்கையில் அமர்ந்தாள். சென்ற ஆண்டு அறுந்த அதே செய்யுளை எடுத்தாள். வேல் பாய்ந்தது, மாமரம் பிளந்தது, கரைமீறிய புதுப்புனலென அவள் குரல் எழுந்து மண்டபத்தை நிறைத்தது. பயன் சொல்ல வாய் திறந்த கணேசலிங்கமோ, நா தழுதழுத்துச் சொல்லின்றி அமர்ந்திருந்தார்.

“என்ன அண்ணே, உங்களுக்கும் விரதக் களைப்பா?” என்றாள் அவள். அவை முழுதும் கண்ணீரோடு சிரித்தது.

சில நாளில் கிறித்தவரின் கல்லறைத் திருநாள் வந்தது. மகள் ஷரோனின் பேறுகாலத்துக்குக் கோலாலம்பூர் சென்றிருந்த ரோஸால் வர இயலவில்லை. பிறர் யாவரும் வழிபட்டுச் சென்றபின், மாலை மழையும் ஓய்ந்த வேளையில், கிருஷ்ணகுமாரி தனியே ஜேம்ஸின் கல்லறைக்குச் சென்றாள். புல்லைக் களைந்தாள், சிலுவையைத் துடைத்தாள், காற்றுக்குக் கை மறைத்து மெழுகுதிரி ஏற்றினாள். பின்னர், அவை நிறைத்த அதே குரலை, உயிருள்ளோர் எவரும் கேளாத அவ்விடத்தில் தெளிவாய் எடுத்தாள்:

“ஜேம்ஸ் அண்ணே, ஷரோனுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ரோஸ் கூடவே இருக்காங்க, கவலைப்படாதீங்க.”

சுடர் நிலைபெறும்வரை நின்றிருந்து, ஓசையின்றி வாயிற்கதவைச் சாத்திவிட்டு வீடு திரும்பினாள்.